நான்கு காற்றும் ஒரே வாரத்தில்

பிரெய்ரிப் புல்வெளிக்கு நம் பாடநூல்களில் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறிது. 'வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் அமைந்த மிதவெப்ப மண்டலப் புல்வெளி, மரங்கள் குறைவு, கோதுமை மிகுதி' என்று மூன்று தொடர்களில் அது முடிந்துவிடும். தேர்வில் அம்மூன்றையும் எழுதி நாமும் மதிப்பெண் பெற்றுவிடுகிறோம். ஆனால் அந்தப் புல்வெளியிலே வாழும் உழவன் கோதுமையைப் பற்றிச் சொல்லத் தொடங்குமுன் காற்றைப் பற்றித்தான் சொல்வான். அதிலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் அடிக்கும் காற்றைப் பற்றி!

நம் முன்னோர் திசைக்கு ஒன்றாகக் காற்றுக்குப் பெயர் வைத்தனர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கிலிருந்து வருவது கோடை. வடக்கிலிருந்து வருவது வாடை. நமக்கு இவை ஆண்டு முழுவதும் முறைவைத்து வருகின்றன. பிரெய்ரியின் வசந்தத்திலோ நான்கும் ஒரே வாரத்தில் வந்து போய்விடுகின்றன. வசந்தம் என்றதும் மலரும் குயிலும் நினைவுக்கு வரும் நமக்கு, திங்களன்று உறைபனி, புதனன்று வியர்வை, வியாழனன்று இடியும் ஆலங்கட்டியும், வெள்ளியன்று பனிப்புயல் என்று அமையும் வசந்தத்தைக் கற்பனை செய்வதே கடினம். ஏன் இப்படி?

வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். வட அமெரிக்காவில் மேற்கே ராக்கி மலைத்தொடர் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. அதன் அடிவாரத்திலிருந்து நிலம் கிழக்கு நோக்கி மெல்ல மெல்லச் சரிகிறது. மலையடியில் உள்ள டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கு ஓரத்துக்கு வந்தால் உயரம் 300 மீட்டருக்கும் குறைந்துவிடுகிறது. தெற்கே டெக்சஸ் முதல் வடக்கே கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்சவன், மானிட்டோபா மாநிலங்கள் வரை விரியும் இந்தச் சரிவுதான் பிரெய்ரி. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கிழக்கு மேற்காகக் குறுக்கே நிற்கும் மலை ஒன்றுகூட இங்கில்லை. நடு ஆசியாவின் குளிர்காற்று நம் நாட்டுக்குள் புகாமல் இமயமலை தடுத்து நிற்கிறது. பிரெய்ரிக்கு அப்படியொரு காவல் கிடையாது. வடதுருவப் பகுதியிலிருந்து கிளம்பும் குளிர்காற்று, வழியில் தடுப்பாரின்றி, ஓரிரு நாளில் டெக்சஸ் வரை வந்துவிடும். மெக்சிகோ வளைகுடாவின் வெப்பமான ஈரக்காற்றும் அவ்வாறே கனடா எல்லை வரை ஏறிச் செல்லும். இவ்விரண்டுடன், தென்மேற்குப் பாலைநிலத்தின் வறண்ட வெப்பக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. ஆக, மூன்று இயல்புடைய காற்றுகள் ஒரே களத்தில் மோதுகின்றன.

மோதல் ஏன் வசந்தத்தில் கடுமையாகிறது என்றால், அப்போது வடக்குக்கும் தெற்குக்கும் வெப்பநிலை வேறுபாடு மிகுந்திருக்கிறது. மார்ச் மாதத்தில் கனடாவில் பனி உருகியிராது. டெக்சஸிலோ வெயில் ஏறியிருக்கும். இந்த வேறுபாடே வானத்தில் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் 'ஜெட்' காற்றோட்டத்துக்கு வேகம் தருகிறது. அந்த ஓட்டம் ராக்கி மலையைத் தாண்டி இறங்கும்போது மலையின் கிழக்குப் பக்கத்தில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது. மலையுச்சியின் மேல் அமுங்கிக் கிடந்த காற்றுத் தூண், சரிவில் இறங்கியதும் மேலும் கீழுமாக நீள்கிறது. நீண்டதும் அதன் சுழற்சி விரைகிறது. சுழன்றாடும் நடனப்பெண் விரித்த கைகளை உடலோடு ஒட்டிக்கொண்டதும் வேகமாய்ச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் விதி ஒன்றே.

இந்தத் தாழ்வு கிழக்கு நோக்கி நகர்வதுதான் பிரெய்ரியின் ஒரு வாரக் கதை. வட அரைக்கோளத்தில் தாழ்வைச் சுற்றிக் காற்று இடஞ்சுழியாக வீசும் என்பது நாம் படித்ததே. எனவே தாழ்வு மேற்கே இருக்கும்போது கான்சஸ் மாநிலத்து உழவனுக்கு முதலில் தென்கிழக்கிலிருந்து கொண்டல் வருகிறது. அடுத்த நாள் அது தென்றலாகத் திரும்புகிறது. தென்றல் என்றதும் ஏமாந்துவிட வேண்டாம். மணிக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அடித்துக் கதவைப் பிடுங்கும் தென்றல் அது! நண்பகலில் இது மேலும் வலுக்கும். வெயிலில் சூடேறிய தரைக்காற்று மேலே எழ, மேலே விரைந்தோடும் காற்று கீழே இறங்குவதே இதற்குக் காரணம். மாலையில் தரையருகே காற்று அடங்கினாலும் சில நூறு மீட்டர் உயரத்தில் அடங்குவதில்லை. தரையின் உராய்விலிருந்து விடுபட்டு, இரவெல்லாம் முன்னிலும் வேகமாக வடக்கு நோக்கி ஓடி, வளைகுடாவின் ஈரத்தைச் சுமந்து வருகிறது. உழவன் உறங்கும்போது மறுநாளைய இடிமழைக்கு நீர் வந்து சேர்ந்துவிடுகிறது.

மறுநாள் தென்மேற்கின் வறண்ட காற்று வந்து மோதுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையை வானிலையாளர் 'வறட்சிக் கோடு' என்பர். கோட்டுக்குக் கிழக்கே உடல் பிசுபிசுக்கும். சில கிலோமீட்டர் மேற்கே போனால் உதடு வெடிக்கும். வறண்ட காற்று, ஈரக்காற்றின் தலைக்குமேல் பரவி மூடிபோல் அமர்வதும் உண்டு. கீழே வெப்பமும் ஈரமும் பெருகப் பெருக, மூடிய பானைக்குள் நீராவி முட்டுவது போல அது முட்டுகிறது. பிற்பகலில் எங்கேனும் ஓரிடத்தில் மூடி திறந்துகொண்டால், ஒரு மணி நேரத்துக்குள் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு முகில் எழுந்து நிற்கும். அதற்குப் பின்னால் குளிர்முகம் வருகிறது. காற்று ஒரே வீச்சில் வாடையாக மாறுகிறது. தெற்கே மழையாகப் பெய்வது வடக்கே பனியாகப் பெய்கிறது. ஓரிரு நாளில் ராக்கியிலிருந்து கோடைக்காற்று இறங்கும். அங்குள்ளோர் இதைச் 'சினூக்' என்பர். மலையின் மேற்குப் புறம் ஏறும்போதே ஈரத்தை மழையாகவும் பனியாகவும் இழந்துவிட்ட இக்காற்று, கிழக்கே இறங்கும்போது கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி வீதம் சூடேறுகிறது. சவுத் டக்கோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் என்னும் ஊரில் 1943 சனவரி 22 அன்று காலை, சுழிக்குக் கீழே 20 டிகிரி செல்சியசாக இருந்த வெப்பநிலை, சினூக் தொட்ட இரண்டே நிமிடத்தில் சுழிக்கு மேலே 7 டிகிரிக்கு ஏறியது. வசந்தத்தில் அத்துணை விந்தை நிகழாவிட்டாலும், வெள்ளியன்று விழுந்த பனி ஞாயிறன்று சேறாகிவிடுவது வழக்கமான காட்சியே.

இவ்வளவும் படிக்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் நாளை என்ன வரும் என்று தெரியாமல் அங்கே வாழ்ந்தவர்களுக்கு இது சுவையாக இருந்ததில்லை. 1920 மார்ச் 15 அன்று, நார்த் டக்கோட்டாவில் சென்டர் என்னும் சிற்றூருக்கு அருகே, பள்ளிக்கூடத்தின் மீது திடீரெனப் பனிப்புயல் வந்து கவிந்தது. பிள்ளைகளை அழைத்துப்போகத் தந்தை குதிரையில் வந்தார். மூவரையும் சறுக்கு வண்டியில் ஏற்றிவிட்டு, தம் குதிரையை அவிழ்க்கப் போய்த் திரும்புவதற்குள் வண்டிக் குதிரை புறப்பட்டுவிட்டது. பத்தடியில் நிற்பவர் தெரியாத வெண்மையில் வண்டியைக் காணவில்லை. வழிதவறிய வண்டி கவிழ்ந்தது. மூத்தவள் ஹேசல் மைனருக்கு வயது பதினைந்து. அவள் தம்பியையும் தங்கையையும் போர்வைகளில் சுற்றி, காற்று போர்வையைப் பறித்துப் போகாதபடி அவர்கள்மேல் தானே கவிந்து படுத்துக்கொண்டாள். மறுநாள் பிற்பகல் தேடிவந்தவர்கள் கண்டபோது சிறியவர் இருவரும் உயிரோடிருந்தனர், ஹேசல் இல்லை. அவளுக்கு அவ்வூர் நீதிமன்றத்தின் முன் நினைவுக்கல் நாட்டியிருக்கின்றனர். அன்று காலை, 'மாலைக்குள் புயல் வரும்' என்று சொல்ல அங்கே யாருமில்லை.

சொல்ல முடியுமா, முடியாதா என்னும் வினாவுக்கு விடை கிடைத்ததும் ஒரு வசந்த வாரத்திலேதான். அந்த வாரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒக்லஹோமா நகருக்கு அருகே டிங்கர் என்னும் விமானப்படைத் தளம் இருக்கிறது. 1948 மார்ச் 20, சனிக்கிழமை. அன்றிரவு வானிலைப் பணியில் இருந்தவர் காப்டன் ராபர்ட் மில்லர். கலிபோர்னியாவிலிருந்து மாற்றலாகி வந்து சில வாரங்களே ஆன இளைஞர். புல்வெளியின் குணம் அவருக்குப் பழக்கமில்லை. 'காற்று பலமாக வீசும். இடிமழை இல்லை' என்று முன்னறிவிப்புக் கொடுத்தார். இரவு பத்து மணியளவில் 'டார்னடோ' எனப்படும் சுழற்காற்று தளத்தின் நடுவே புகுந்து சென்றது. வெட்டவெளியில் நின்ற விமானங்கள் பல நொறுங்கின. சேதம் ஒரு கோடி டாலர் அளவு. மறுநாளே விசாரணைக் குழு கூடியது. இத்தகைய சுழற்காற்றை இன்றைய அறிவைக் கொண்டு முன்னறிய இயலாது என்று அது முடிவு சொல்லிற்று. மில்லர் தப்பினார் எனலாம். ஆனால் தளத்தின் தலைவர் ஜெனரல் ஃபிரெட் போரம் அத்துடன் விடவில்லை. இனியாவது முன்னறிய வழியுண்டா என்று பாருங்கள் என மில்லரிடமும் அவருடைய மேலதிகாரி மேஜர் எர்னஸ்ட் ஃபாபுஷிடமும் பணித்தார்.

இருவரும் பழைய வானிலைப் படங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தனர். டார்னடோ வந்த நாள்களிலெல்லாம் எவை ஒன்றுபோல் இருந்தன? கீழே வளைகுடாவின் ஈரம்; அதன்மேல் வறண்ட காற்று; உயரத்தில் மேற்கிலிருந்து விரையும் ஓட்டம்; தரையிலிருந்து மேலே செல்லச் செல்லக் காற்றின் திசையும் வேகமும் மாறுதல். இந்தக் கடைசிக் கூறு முக்கியமானது. இரு உள்ளங்கைகளுக்கிடையே பென்சிலை வைத்துக்கொண்டு ஒரு கையை மட்டும் நகர்த்திப் பாருங்கள், பென்சில் உருளும். மேலே வேறு வேகம், கீழே வேறு வேகம் என்றால் இடையிலுள்ள காற்றும் அப்படியே படுக்கையாக உருள்கிறது. எழும் முகில் அந்த உருளையைத் தூக்கி நிறுத்திவிட்டால் முகிலே சுழலத் தொடங்குகிறது. அப்படிச் சுழலும் முகில்களிலும் பெரும்பாலானவை டார்னடோவை ஈனுவதில்லை, சிலவே ஈனுகின்றன.

மார்ச் 25, வியாழக்கிழமை. காலையில் வந்த படத்தைப் பார்த்த இருவரும் திகைத்தனர். ஐந்து நாளைக்கு முன் இருந்த அதே அமைப்பு! ஜெனரல் வந்து கேட்டார், டார்னடோ வருமென்று அறிவிப்பீர்களா என்று. இங்கேதான் அவர்களுடைய சங்கடத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் 1938 வரை 'டார்னடோ' என்ற சொல்லையே முன்னறிவிப்பில் எழுதத் தடை இருந்தது. மக்கள் கலங்கி ஓடுவர் என்று அஞ்சினர். தடை நீங்கிய பிறகும் யாரும் துணியவில்லை. மேலும், ஒரே இடத்தை ஐந்து நாள் இடைவெளியில் இருமுறை டார்னடோ தாக்கும் வாய்ப்பு எள்ளளவுதான். தவறினால் ஊரே நகைக்கும். பிற்பகல் மூன்று மணிக்குச் சற்று முன் அறிவிப்பு வெளியாயிற்று. விமானங்களைக் கொட்டகைக்குள் இழுத்துக் கட்டினர். ஆட்களைப் பாதுகாப்பான இடங்களுக்கு அனுப்பினர். மாலை ஐந்து மணி ஆயிற்று, ஒன்றும் நிகழவில்லை. மில்லர் மனம் சோர்ந்து வீட்டுக்குப் போய்விட்டார். ஆறு மணியளவில் தளத்தின்மேல் டார்னடோ இறங்கியது. வீட்டில் வானொலிச் செய்தியைக் கேட்டுத்தான் மில்லருக்கு விவரம் தெரிந்தது.

அன்றும் பல இலட்சம் டாலர் சேதம் உண்டு. ஆனால் ஒருவருக்கும் காயமில்லை. முதன்முறை நல்வாய்ப்பும் அவர்களுக்குத் துணை நின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு வட்டாரத்துக்குச் சொல்லப்படும் முன்னறிவிப்பு, குறிப்பிட்ட ஒரு தளத்தின்மேலேயே வந்து பலித்தது திறமை மட்டுமன்று. ஆனால் அவர்கள் பார்த்த கூறுகள் சரியானவை என்பது அடுத்த ஆண்டுகளில் தெளிவாயிற்று. 1950இல் அமெரிக்க வானிலைத் துறை, டார்னடோ என்ற சொல்லைப் பொதுமக்களுக்கான அறிவிப்பில் பயன்படுத்தலாம் என்று தன் நிலையங்களுக்கு எழுதியது. 1952 முதல் அத்துறையே அறிவிப்புகளை வெளியிடத் தொடங்கியது.

இப்போது அப்பணியைச் செய்யும் நடுவண் நிலையம் அதே ஒக்லஹோமாவில், நார்மன் என்னும் ஊரில் இருக்கிறது. டிங்கர் தளத்திலிருந்து அதிகத் தொலைவில்லை. வாரத் தொடக்கத்திலேயே, இன்ன நாளில் இன்ன வட்டாரத்தில் கடும் இடிமழைக்கு இடமுண்டு என்று அங்கிருந்து சொல்லிவிடுகின்றனர். அந்த நாளில் எந்தத் தெருவில் டார்னடோ இறங்கும் என்பதை மட்டும், ராடார் காட்டிய பிறகே உள்ளூர் வானிலை நிலையங்கள் எச்சரிக்க முடிகிறது. அந்த எச்சரிக்கைக்கும் காற்று வந்து சேர்வதற்கும் இடையே பெரும்பாலும் பத்து நிமிடத்தை ஒட்டிய நேரமே கிடைக்கிறது. ஊரில் சங்கு ஊதும். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நிலவறைக்குள் இறங்குவார்கள். மறுநாள் காலை பெரும்பாலும் வானம் வெளுத்திருக்கும், வாடை அடிக்கும்.