கேட்டிருந்தால் கொடுத்திருப்பானே!

சிகாகோ என்றால் நம்மவர்களுக்கு 1893-ம் வருஷத்துச் சர்வமத மகாசபையும் சுவாமி விவேகானந்தரும் நினைவுக்கு வருவார்கள். அந்நகரத்தின் ஏழைப் பேட்டைகளில் வாழும் தாய்மார்களுக்கோ, வெளியே போன பிள்ளை உயிரோடு வீடு திரும்புவானா என்பதே கவலை. 2016-ம் வருஷத்தில் மட்டும் அங்கே 750-க்கு மேற்பட்டவர்கள் கொலையுண்டார்கள். காரணத்தை விசாரித்தால் பல சமயங்களில் அற்ப விஷயமாயிருக்கும்: ஒரு வசைச்சொல், ஒரு முறைப்பு, ஏதோ பழைய மனஸ்தாபம். துப்பாக்கி கிடைக்காத ஊரில் மூக்கு உடைவதோடு தீர்ந்துபோகும் சண்டை, அங்கே பிணம் விழுந்துதான் ஓய்கிறது.

இந்நகரத்துப் பள்ளிக்கூடங்களில் 'யூத் கைடன்ஸ்' என்ற ஸ்தாபனத்தார் வாலிபர்களுக்கு ஒரு பயிற்சி நடத்தி வருகிறார்கள். 2001-ல் இதைத் தோற்றுவித்தவர் ஆண்டனி ராமிரெஸ் டி விட்டோரியோ என்பவர். 'பிகமிங் எ மேன்', அதாவது 'ஆண்மகன் ஆவது', என்று அதற்குப் பெயர். வாரம் ஒரு மணி நேரம், ஒரு சிறு குழுவினர் ஓர் ஆலோசகருடன் வட்டமாக உட்காருகிறார்கள். பள்ளி நேரத்திலேயே நடப்பதால் ஒரு பாடத்துக்கு மட்டம் போடலாம். பிள்ளைகள் ஆவலோடு வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதை ஒளிப்பானேன்?

பயிற்சியில் ஒரு விளையாட்டு உண்டு. பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவன் கையில் ஒரு பந்தைக் கொடுக்கிறார்கள். "முப்பது விநாடிக்குள் அவன் கையிலிருந்து பந்தை எடு" என்று மற்றவனுக்கு உத்தரவு. அவ்வளவுதான்! பாய்கிறார்கள், புரளுகிறார்கள், விரல்களை முறுக்குகிறார்கள். நேரம் முடிந்ததும் ஆலோசகர் மெதுவாகக் கேட்கிறார்: "பந்தைக் கொடு என்று ஒருவனாவது ஏன் வாய்விட்டுக் கேட்கவில்லை?" கேட்டால் கொடுத்திருக்க மாட்டான், கோழை என்று நினைத்திருப்பான் என்கிறார்கள். பந்து வைத்திருந்தவன் பக்கம் திரும்பி, "கேட்டிருந்தால் என்னப்பா செய்திருப்பாய்?" என்கிறார். "கொடுத்திருப்பேன். வெறும் பந்துதானே!" என்று பதில் வருகிறது.

அடித்தால் வாங்கிக்கொண்டு வா என்று இங்கே உபதேசம் செய்வதில்லை என்பது கவனிக்கத்தக்கது. தெருவில் ஒருவன் மிரட்டும்போது பணிந்து போனால் நாளைக்கு நாலு பேர் மிரட்டுவார்கள். அப்பேட்டையில் வளர்ந்த பிள்ளைக்கு இது அநுபவ பாடம். ஆனால் அதே மிடுக்கை வகுப்பில் உபாத்தியாயரிடம் காட்டினால் படிப்புக்கு மோசம். இது தெருவா, பள்ளியா, எதிரே நிற்பவன் நினைப்பது என்ன என்று ஒரு கணம் நின்று பார்க்கும் வழக்கத்தைத்தான் பழக்குகிறார்கள்.

2013-ல் ஜனாதிபதியாயிருந்த ஒபாமா ஹைடு பார்க் பள்ளியில் இந்த வட்டத்தில் வந்து அமர்ந்தார். தந்தை இல்லாத வீட்டில் வளர்ந்ததையும், அதனால் தமக்கிருந்த கோபத்தையும் சொன்னார். ஒரு பிள்ளைக்கு நம்பிக்கை வரவில்லை. உங்களைப் பற்றித்தான் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டான்!

சிகாகோ சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். சீட்டுக் குலுக்குவது போலப் பிள்ளைகளைப் பிரித்து, இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்டார்கள். பயிற்சி நடந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்காகக் கைதானவர்கள் தொகை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. பயிற்சி நின்றபின் அந்த வித்தியாசம் நீடிக்கவில்லை. ஆயினும், 2009-ல் தொடங்கிய முதல் பரீட்சையில் சேர்ந்த பிள்ளைகளில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தார்கள்.