தங்கவயலுக்கு வந்த காவிரி மின்சாரம்

கர்நாடக மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் கோலார் தங்கவயல் அமைந்துள்ளது. இங்குத் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சுரங்க வேலைக்காக வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்களே இவர்களுள் பெரும்பாலோர். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தின் நிர்வாகத்தில் சுரங்கத் தொழில் வேகமாக வளர்ந்தது. சாம்பியன் ரீஃப், மைசூர், நந்திதுர்க்கம், உரிகம் ஆகிய சுரங்கங்கள் ஆண்டுதோறும் மேலும் ஆழமாயின.

இச்சுரங்கங்களில் தங்கம் பெரும்பாலும் கட்டிகளாகக் கிடைப்பதில்லை. கடினமான வெண்கற்பாறைக்குள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக அது கலந்திருக்கும். பாறையைத் துளையிட்டு வெடிவைத்துப் பிளக்க வேண்டும். கூண்டில் ஏற்றி மேலே கொண்டுவர வேண்டும். பின்னர் அதை மாவுபோல் இடித்துப் பொடியாக்க வேண்டும். சுரங்கத்தின் அடியில் ஊறும் நீரையும் ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். துளைக்கருவிகளுக்குத் தேவையான அழுத்தக் காற்றை உண்டாக்கப் பெரிய இயந்திரங்கள் வேண்டும். இவற்றுள் மிகுந்த ஓசை எழுப்பியது கல் இடிக்கும் ஆலையே. வரிசையாக நின்ற கனத்த இரும்பு உலக்கைகள் இரவும் பகலும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

இத்தனை வேலைகளையும் தொடக்கத்தில் நீராவி எஞ்சின்களே செய்தன. அவற்றிற்கு விறகும் நிலக்கரியும் எரிபொருளாயின. சுற்றுப்புறக் காடுகள் வெட்டப்பட்டு விறகாயின. 1894ஆம் ஆண்டில் பவுரிங்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்திற்கு இரயில் பாதை அமைந்தது. இன்று பங்காருப்பேட்டை எனப்படும் ஊரே அந்தப் பவுரிங்பேட்டை. அதன்பின் நிலக்கரியைக் கொண்டுவருவது எளிதாயிற்று. ஆனால் தொலைதூரத்திலிருந்து வரும் கரிக்குக் கொடுக்க வேண்டிய விலை குறைவாக இல்லை.

நீராவி எஞ்சினுக்கு மற்றொரு குறையும் உண்டு. எரிபொருள் தரும் வெப்பத்தின் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும் வெளியேறும் நீராவியோடும் வீணாகிவிடும். அக்காலத்து எஞ்சின்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு வெப்பமே வேலையாக மாறியது. மேலும், எஞ்சின் ஓடாத நேரத்திலும் கொதிகலனைச் சூடாகவே வைத்திருக்க வேண்டும். அது ஆறிவிட்டால் மீண்டும் நீராவி எழுப்ப நெடுநேரம் ஆகும். ஆகவே வேலை நிற்கும்போதும் விறகு எரிந்துகொண்டே இருந்தது.

இராமேசுவரத்திலோ நாகப்பட்டினத்திலோ தம் படகின் பழைய மோட்டாரை மாற்ற எண்ணும் மீனவர், புது மோட்டாரின் விலையை மட்டும் பார்ப்பதில்லை. ஒருமுறை கடலுக்குச் சென்று திரும்பினால் எத்தனை லிட்டர் எண்ணெய் மிச்சமாகும் என்றே முதலில் கணக்கிடுவார். தங்கவயல் நிறுவனங்களும் இக்கணக்கையே போட்டன. ஆனால் அவற்றிற்குக் கிடைத்த விடை சற்றுப் புதுமையானது. குறைவாக எரிக்கும் எஞ்சினை வாங்குவதைவிட, எதையும் எரிக்காத ஓர் ஆற்றலைத் தேடுவதே மேல் என்பது அவ்விடை.

அந்த ஆற்றல் காவிரியில் இருந்தது. சிவசமுத்திரத்தில் காவிரி இரண்டாகப் பிரிந்து, ககனசுக்கி, பரசுக்கி என்னும் அருவிகளாக விழுகிறது. அருவிக்கு மேலிருந்து கால்வாய் வழியே நீரைத் திருப்பி, எஃகுக் குழாய்களில் செங்குத்தாக இறக்கினால், அதன் வேகம் சுழலிகளைச் சுற்றும். சுழலியோடு இணைந்த மின்னாக்கி மின்சாரம் தரும். சுழலியைச் சுற்றிய நீர் குறையாமல் மீண்டும் ஆற்றையே சேரும். மைசூர் அரசின் பொறியாளராக இருந்த ஜோலி டி லாட்பினியர் இத்திட்டத்தை வகுத்தார். மைசூர்த் திவான் சேஷாத்ரி ஐயர் அதற்குத் துணைநின்று நிறைவேற்ற முனைந்தார்.

அருவி ஓரிடத்திலும் சுரங்கம் வேறிடத்திலும் இருந்ததுதான் சிக்கல். இரண்டிற்கும் இடையே 92 மைல், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தொலைவு. 1896இல் அமெரிக்காவின் நயாகரா அருவியிலிருந்து பஃபலோ நகருக்கு மின்சாரம் சென்றதை உலகமே வியந்து பேசியது. அத்தொலைவோ 50 கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை.

நெடுந்தொலைவு செல்லும் மின்னோட்டம் கம்பியைச் சூடாக்கி, வழியிலேயே பெருமளவு வீணாகும். இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தினால், அதே திறனைப் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தைக் கொண்டே அனுப்பிவிடலாம். அப்போது கம்பியில் ஏற்படும் இழப்பு நூற்றில் ஒரு பங்காகக் குறையும். எனவே சிவசமுத்திரத்தில் மின்மாற்றிகளால் மின்னழுத்தம் 30,000 வோல்ட் அளவிற்கு உயர்த்தப்பட்டது. தங்கவயலில் அது மீண்டும் குறைக்கப்பட்டு மோட்டார்களுக்கு வழங்கப்பட்டது.

சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் வீஸ் நிறுவனத்திலிருந்து வந்தன. மின்கருவிகளை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் வழங்கியது. நல்ல சாலைகள் இல்லாத அக்காலத்தில், கனத்த இயந்திரப் பகுதிகளை யானைகளும் மாட்டு வண்டிகளும் அருவிக்கரைக்கு இழுத்துச் சென்றன.

1902ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் சிவசமுத்திரத்தின் மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அதைக் காணச் சேஷாத்ரி ஐயர் உயிரோடு இல்லை. முந்தைய ஆண்டு செப்டம்பரிலேயே அவர் மறைந்துவிட்டார். தலா 720 கிலோவாட் திறனுள்ள ஆறு மின்னாக்கிகள் அப்போது நிறுவப்பட்டிருந்தன. மொத்தம் 4,320 கிலோவாட். குதிரைத்திறனில் சொன்னால் ஏறத்தாழ 5,800. இன்றைய மின்நிலையங்களோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிது. ஆயினும் அக்கால ஆசியாவில் இதற்கு ஈடான நீண்ட மின்தொடர் வேறில்லை.

நீர்மின் நிலையத்திற்கும் சுரங்கத்திற்கும் நல்ல பொருத்தம் அமைந்தது. ஆற்றுநீர் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓடும். இடிக்கும் ஆலையும் அவ்வாறே ஓயாமல் ஓடியது. நகரத்து விளக்குகளோ மாலையில் மட்டுமே மின்சாரம் கேட்பவை. மின்மோட்டாருக்குக் கொதிகலன் வேண்டா. விறகு அடுக்க இடம் வேண்டா. வேலை நின்றதும் செலவும் நின்றுவிடும். பெங்களூரு நகரமே மூன்று ஆண்டுகள் கழித்து, 1905 ஆகஸ்டில்தான் மின்விளக்கைக் கண்டது. எனினும் தங்கவயலுக்கு வந்த மின்சாரம் முதலில் இயந்திரங்களுக்காகவே வந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சுரங்கத் தொழிலாளரின் குடிசை வரிசைகளுக்காக எவரும் 92 மைல் கம்பி இழுக்கவில்லை.

விறகுக்கான செலவு ஒழிந்தது. ஆனால் புதிய கவலை ஒன்று பிறந்தது. கோடையில் காவிரி மெலிந்தால் மின்சாரமும் மெலியும். சுரங்கங்களின் தேவையோ ஏறிக்கொண்டே சென்றது. மழைக்கால நீரைத் தேக்கி ஆண்டு முழுவதும் சீராக விட வேண்டும் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. 1911இல் கிருஷ்ணராஜ சாகர் அணையின் வேலை தொடங்கியதற்கு, பாசனத்தோடு இம்மின்தேவையும் ஒரு காரணமாகும். சுழலி நீரைக் குடித்துவிடுவதில்லை. அணையோ நீரை நிறுத்தி வைக்கிறது. ஆகவே தஞ்சை வயல்களை எண்ணிச் சென்னை மாகாண அரசு மறுப்புத் தெரிவித்தது. நெடிய வழக்காடலுக்குப் பின் 1924இல் இரு அரசுகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. தங்கவயல் தமிழரின் உழைப்பும் தஞ்சை உழவரின் நெல்லும் ஒரே ஆற்றை நம்பியிருந்த காலம் அது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. சேஷாத்ரி ஐயரின் பெயர் தாங்கிய சிவசமுத்திர நிலையம் அதன்பின்னும் மின்சாரம் தந்து வருகிறது. சுரங்கத்தில் நீர் இறைத்த மோட்டார்கள் நின்றுபோயின. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகத் தோண்டப்பட்ட அச்சுரங்கங்களில் நிலத்தடி நீர் மெல்ல மெல்ல மேலேறி நிரம்பியது.