காருக்கும் குத்தூசி போட்டுப் பாருங்கள்

போன மாதம் ஒரு நாள் காலை, மந்தைவெளியில் மளிகைக் கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர் மயிலாப்பூரில் உள்ள நமது மண்டிக்கு வந்தார். சரக்குப் பட்டியலைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றார். கையில் ஒரு பத்திரிகை.

"அண்ணாச்சி, இந்தப் புதுக் காரை ஆகா ஓகோன்னு எழுதியிருக்காங்க. செல்போன்ல நாலு பேர் ஓட்டிக் காட்டுறாங்க, அவங்களும் அதையேதான் சொல்றாங்க. ஏலச்சீட்டுப் பணம் கைக்கு வந்திருக்கு, மீதிக்கு அஞ்சு வருஷ லோன். எடுத்துடலாமா?" என்று கேட்டார்.

"தம்பி, அவங்க ஓட்டின காரை யார் கொடுத்தது?" என்றோம். அவருக்குத் தெரியவில்லை. நம் வணிக நண்பர்கள் பலருக்கும் இந்தக் கேள்வி தோன்றுவதில்லை என்பதால், நாம் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

தரகர் தாளில் மடித்துக் கொண்டு வரும் சாம்பிளை மட்டும் நம்பி ஒரு லாரி துவரம் பருப்பு வாங்குவோமா? சரக்கு வந்ததும் மூட்டையின் நடுவில் குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்போம். பத்திரிகைக்காரர் ஓட்டும் கார் பெரும்பாலும் கம்பெனியே பொறுக்கி எடுத்து, சில நாட்களுக்குக் கொடுத்தனுப்பும் சாம்பிள்தான். அதே இதழில் அந்தக் கம்பெனியின் முழுப்பக்க விளம்பரமும் இருக்கக்கூடும்.

எழுதுகிறவர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று சொல்ல வரவில்லை. பல கார்களை ஓட்டிப் பழகியவர் என்ஜின் இழுவை, பிரேக், பின்சீட்டின் வசதி பற்றிச் சொல்வது நமக்கு உபயோகமே. ஆனால் மூன்று நாள் ஓட்டியவருக்கு மூன்றாம் வருஷத்துப் பழுதுச் செலவு எப்படித் தெரியும்?

நாமும் ஒருமுறை இப்படி எழுதியதைப் படித்துக் கார் வாங்கினோம். லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் என்று போட்டிருந்தார்கள். லஸ் முனையிலும் உஸ்மான் ரோட்டிலும் நின்று நின்று போனதில் 13-ஐத் தாண்டவில்லை. கம்பெனி சொல்லும் மைலேஜ், சோதனைச்சாலையில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுக்கும் கணக்கு என்பதை விசாரிக்காதது நமது தவறு.

பழைய சென்னைக்காரர்களுக்குப் பெருங்களத்தூர் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை நினைவிருக்கும். 1985-இல் அவர்கள் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைக் கொண்டுவந்தார்கள். மேலே இங்கிலாந்து ரோவர் காரின் லட்சணம். உள்ளே பழைய வேன்கார்டு காரின் என்ஜின். விலையும் அதிகம். 1988-இல் தயாரிப்பு நின்று போனது. சாக்கு புதிது, அரிசி பழையது என்ற கதைதான்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் உண்டு. 2014 ஜனவரியில் 'குளோபல் என்கேப்' அமைப்பு, இந்தியாவில் விற்ற 5 சிறிய கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. ஏர்பேக் இல்லாத அடி மாடல்கள் ஐந்தும் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் பூஜ்ஜிய நட்சத்திரமே பெற்றன. அவற்றுள் ஒன்றான போலோ, 2 ஏர்பேக் பொருத்திச் சோதித்தபோது 4 நட்சத்திரம் பெற்றது. பெயர் ஒன்றுதான், எந்த மாடல் என்பதில்தான் வித்தியாசம். விமரிசனத்துக்குக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் உயர்ந்த மாடல். நம் கைக்கு எட்டுவதோ அடி மாடல். இப்போது முன்சீட்டு இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயம். 2023 அக்டோபர் முதல் 'பாரத் என்கேப்' சோதனையும் நம் நாட்டில் நடக்கிறது. கம்பெனி தானாக முன்வந்தால்தான் அந்தச் சோதனை உண்டு என்பதால், நட்சத்திரம் இருக்கிறதா என்று நாம்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் 1936-இல் தொடங்கிய 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' பத்திரிகை கம்பெனி விளம்பரம் வாங்குவதில்லை. சோதிக்கும் காரையும், யாரென்று சொல்லாமல் ஷோரூமில் காசு கொடுத்து வாங்குகிறது. இதுவல்லவா குத்தூசி! நம் நாட்டிலும், கம்பெனியிடம் பணமோ பரிசோ பெற்றுப் புகழ்கிறவர் அந்தத் தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2022 ஜூன் முதல் விதி இருக்கிறது.

ஆகவே விமரிசனம் படிக்கும்போது நான்கு கேள்விகள் கேளுங்கள். கார் யாருடையது? எத்தனை நாள் ஓட்டினார்? எந்த மாடல்? என்ன குறை சொன்னார்? ஒரு குறையும் சொல்லாத விமரிசனத்தை விளம்பரக் கணக்கில் எழுதிவிடலாம். பிறகு அதே காரை இரண்டு வருஷம் ஓட்டியவரையும், நம் தெரு மெக்கானிக்கையும் தேடிப்போய் விசாரியுங்கள்.

மந்தைவெளித் தம்பி அப்படியே செய்தார். அதே காரை வாடகைக்கு ஓட்டும் டிரைவர் ஒருவர், வண்டியைப் பெருமையாகப் பேசிவிட்டு சர்வீஸ் பில்லையும் காட்டினாராம். கணக்குப் போட்டுப் பார்த்த தம்பி, விலை குறைந்த வேறு காருக்கு முன்பணம் கட்டி, லோனை மூன்று வருஷமாகக் குறைத்துக்கொண்டார்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. புது எண்ணெய், புது சோப்பு வரும்போது பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம் என்று கம்பெனி ஸ்கீம் தருகிறது. "இது நல்லா இருக்குமா?" என்று வாடிக்கையாளர் கேட்டால் நாம் சொல்லும் பதிலும் விமரிசனம்தான். நம் வீட்டில் பயன்படுத்திப் பார்த்திருந்தால் உள்ளதைச் சொல்வோம். இல்லையென்றால், "இன்னும் நாங்க வாங்கிப் பார்க்கலைம்மா" என்று சொல்லிவிடுவோம்.