கடல் கடந்த தோழமை வகுப்பு

 

உலகின் பல நாடுகளில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வேறு நாட்டிலுள்ள ஒரு வகுப்போடு சேர்ந்து படித்து வருகிறார்கள். இங்கே ஒரு நான்காம் ஆண்டு வகுப்பு என்றால், அங்கே ஏறக்குறைய அதே வயதுடைய பிள்ளைகளின் வகுப்பு ஒன்று. இந்த இரண்டு வகுப்புகளும் கடிதம் எழுதிக்கொள்கின்றன; படம் வரைந்து அனுப்புகின்றன; ஒன்றை ஒன்று கேள்வி கேட்கின்றன. இத்தகைய வகுப்பைத் தோழமை வகுப்பு என்று நாம் அழைப்போம்.

"இவையெல்லாம் பட்டணத்துப் பள்ளிகளுக்குச் சரி. எங்கள் பிள்ளை தோட்டத்தையும் லயத்தையும் தவிர வேறு எதைக் கண்டது? வெளிநாட்டுப் பிள்ளைக்கு எழுத அதனிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் பெற்றோர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் கூறுவதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

இம்முறை பட்டணத்தில் தோன்றியதன்று. இதற்குப் பெரிதும் வழிகாட்டியவர் செலெஸ்டின் ஃபிரெனே என்னும் பிரெஞ்சு ஆசிரியர். 1896-ஆம் ஆண்டில் மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவர். முதல் உலகப்போரில் இவருடைய நுரையீரலில் குண்டடிபட்டது. 1920-ஆம் ஆண்டில் பார்-சூர்-லூ என்ற சிற்றூரின் பள்ளிக்கு ஆசிரியராக வந்தபோது, நெடுநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவருடைய உடல் இடங்கொடுக்கவில்லை. ஆகவே பிள்ளைகளே பேசவும் எழுதவும் செய்யும் வழியை அவர் தேடினார். அவர்களை ஊருக்குள் அழைத்துச் சென்றார். கண்டதை எழுதச் செய்தார். எழுதியதைச் சிறிய அச்சுப்பொறி ஒன்றில் அவர்களையே எழுத்துக் கோத்து அச்சிடச் செய்தார்.

நாட்டின் மேற்குக் கோடியில், பிரெட்டாஞ் பகுதியின் திரேகன் என்னும் கடலோர ஊரில் பணியாற்றிய ரெனே தானியேல் என்ற ஆசிரியரோடு அவர் தொடர்பு கொண்டார். மலையூர்ப் பிள்ளைகள் அச்சிட்ட தாள்கள் கடலோரத்துக்குச் சென்றன. கடலோரப் பிள்ளைகளின் எழுத்துகள் மலையூருக்கு வந்தன. இரண்டும் ஒரே நாட்டு ஊர்கள்தாம். எனினும் ஒன்றின் வாழ்க்கை மற்றொன்றுக்குப் புதியது. பின்னர் இந்த வழி பல நாடுகளுக்கும் பரவியது. ஃபிரெனே 1966-ஆம் ஆண்டில் மறைந்தார். அவருடைய முறையைப் பின்பற்றும் ஆசிரியர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

இதனால் பிள்ளைக்கு என்ன பயன் என்பதைச் சற்று ஆராய்வோம். வகுப்பில் "எங்கள் தோட்டம்" என்று கட்டுரை எழுதச் சொல்கிறோம். அதைப் படிக்கப்போகிறவர் ஆசிரியர் ஒருவரே. அவருக்கோ தோட்டம் தெரியும். தெரிந்தவருக்கே தெரிந்ததைச் சொல்வதில் பிள்ளைக்கு என்ன ஆர்வம் இருக்க முடியும்? "எங்கள் தோட்டம் அழகானது, அங்கே பல மரங்கள் உள்ளன" என்று இரண்டு வரி எழுதிவிட்டு எழுந்துவிடும். தோழமை வகுப்பிலிருக்கும் பிள்ளைக்கோ பால் மரம் எப்படி இருக்கும் என்றே தெரியாது. மொட்டையாக எழுதினால் அதற்குப் புரியாது. உடனே கேள்வி வந்துவிடும். ஆகவே எழுதுகிற பிள்ளை உற்றுப் பார்க்கிறது. சரியான சொல்லைத் தேடுகிறது. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று தானே திரும்பிப் பார்க்கிறது. ஆசிரியர் சிவப்பு மையால் எத்தனை முறை திருத்தினாலும் வராத கவனம், காத்திருக்கும் ஒரு வாசகரால் வந்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஜப்பான் நாட்டு வகுப்பு ஒன்று நம் பிள்ளைகளிடம் இரண்டு கேள்விகள் கேட்பதாக வைத்துக்கொள்வோம். "பால் மரத்தின் பட்டையை ஏன் சாய்வாக வெட்டுகிறார்கள்? விடியுமுன்பே ஏன் வேலைக்குப் போகிறார்கள்?" இவற்றுக்குரிய விடை பிள்ளைகளின் பாடநூலில் இராது. பிள்ளை வீட்டுக்கு வந்து அப்பாவிடமோ பாட்டியிடமோதான் கேட்டாக வேண்டும்.

மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு இதற்குரிய விடை கைப்பழக்கத்திலேயே இருக்கிறது. வெட்டு இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். கத்தி மரத்தின் கட்டையைத் தொட்டுவிடக் கூடாது. வெயில் ஏறினால் பால் குறையும். இதற்குரிய காரணத்தை ஆசிரியர் விளக்கலாம். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேராக மேலே செல்லாமல், சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் வெட்டு அவற்றைக் குறுக்கே அறுப்பதால் மிகுதியான குழாய்கள் திறக்கின்றன. இரவில் இலைகள் வழியே நீர் அதிகம் வெளியேறாததால் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருக்கிறது. ஆகவே விடியற்காலையில் பால் நன்கு வடிகிறது. வெயில் ஏறியதும் இலைகள் நீரை இழக்கின்றன, அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது.

இங்கே நடந்ததைக் கவனியுங்கள். தந்தையின் கையில் இருந்த அறிவு பிள்ளையின் எழுத்தாகி, கடல் கடந்து, இன்னொரு வகுப்புக்குப் பாடமாகிவிட்டது. "நமக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்கி நிற்கும் பெற்றோரே அந்தப் பாடத்துக்கு ஆசிரியராகிறார்கள். தோட்டத்தில் பிறந்ததைக் குறையாக எண்ணித் தலைகுனியும் பிள்ளைகளை நாங்கள் அறிவோம். தன் வீட்டுத் தொழிலைப் பற்றி வெளிநாட்டார் ஆவலோடு கேட்கிறார்கள் என்று அறியும்போது, அந்தப் பிள்ளையின் தலை நிமிர்கிறது. தோழமை வகுப்பினால் கிடைக்கும் பயன்களில் இதையே நாங்கள் முதன்மையாகக் கருதுகிறோம்.

எந்த நாட்டோடு, எந்த மொழியில் எழுதுவது என்று கேட்கலாம். தமிழிலேயே தொடங்கலாம். இலங்கையின் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அப்பிள்ளைகளின் முன்னோரும் நம் முன்னோரைப் போலவே தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்கள். லயம், கங்காணி, தோட்டம் என்ற சொற்கள் அவர்களுக்கும் தெரியும். ஆயினும் மழை பெய்தால் நம் மக்களுக்குப் பால் வெட்டு நின்றுவிடும்; அங்கே மழையிலும் கொழுந்து பறிப்பார்கள். ஒரே மொழி பேசும் இரண்டு வகுப்புகள் இப்படி ஒப்பிட்டுப் பார்க்கும்போது புவியியலும் வரலாறும் தாமாகவே வந்து சேர்கின்றன. இந்தோனேசிய வகுப்போடு மலாய் மொழியிலும், பிற நாட்டு வகுப்புகளோடு எளிய ஆங்கிலத்திலும் எழுதலாம். பாடமாக மட்டும் படித்த மொழிக்கு அங்கே ஒரு வேலை கிடைத்துவிடும்.

அனுப்பும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் வெளிநாட்டுக்குக் கடிதம் அனுப்புவது பெரிய சிக்கல். ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனி உடன்பாடு, தனித்தனிக் கட்டணம். 1874-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகள் கூடி உடன்படிக்கை செய்து ஓர் அஞ்சல் ஒன்றியத்தை நிறுவின. அதன் பயனாக, அனுப்பும் நாட்டின் தபால்தலையை ஒட்டினாலே கடிதம் போய்ச் சேரும் நிலை உருவாயிற்று. அஞ்சல் வழி இன்றும் நல்ல வழிதான். காய்ந்த இலையையும் கையால் வரைந்த படத்தையும் உறைக்குள் வைத்து அனுப்பலாம். ஆனால் விதை, மண், செடி ஆகியவற்றை அனுப்பும் முன் அந்த நாட்டுச் சட்டத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். சில நாடுகள் காய்ந்த இலையையும் அனுமதிப்பதில்லை.

கணினி வந்தபின் வேகம் கூடியது. 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலப் பள்ளிகளும் மாஸ்கோ நகரப் பள்ளிகளும் கணினி வழியே இணைக்கப்பட்டன. இரு வல்லரசுகளும் ஒன்றையொன்று ஐயத்தோடு பார்த்துவந்த காலம் அது. அந்த முயற்சி ஐ-எர்ன் என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. ஐரோப்பிய நாடுகள் 2005-ஆம் ஆண்டில் ஈ-டுவின்னிங் என்ற பெயரில் பள்ளிகளை இணைக்கும் திட்டத்தைத் தொடங்கின. இன்று ஆசிரியரிடம் உள்ள கைப்பேசியும் இணையமும் இருந்தால்கூட ஒரு வகுப்பு இன்னொரு வகுப்போடு நேரில் பார்த்துப் பேச முடியும்.

ஆனால் நேரத்தைக் கணக்கிட வேண்டும். நமக்குப் பகல் ஒரு மணி ஆகும்போது லண்டனில் விடியற்காலை ஐந்து அல்லது ஆறு மணிதான். அங்கே பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். ஜப்பான் நமக்கு ஒரு மணி நேரமே முந்தியது. ஆகவே இரு வகுப்புகளும் பள்ளி நேரத்திலேயே பேசலாம். பள்ளி ஆண்டும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஜப்பானில் ஏப்ரலிலும், தமிழகத்தில் ஜூனிலும், இங்கிலாந்தில் செப்டம்பரிலும் புதிய ஆண்டு தொடங்குகிறது. விடுமுறை நாள்களை இருதரப்பு ஆசிரியர்களும் முதலிலேயே பரிமாறிக்கொள்வது நலம்.

பெரும்பாலும் இம்முயற்சி முறிவது பணத்தால் அன்று, பதில் வராமையால்தான். ஆவலோடு எழுதிய பிள்ளை நாள்தோறும் "சார், பதில் வந்துவிட்டதா?" என்று கேட்கும். பதில் வராமலே போனால் அதன் மனம் வாடிவிடும். அடுத்த முறை எழுதக் கை வராது. ஆகவே தவணைக்கு ஒரு கடிதம், ஆண்டுக்கு இத்தனை கடிதம் என்று குறைவாக ஒப்புக்கொண்டு, ஒப்புக்கொண்டதைத் தவறாமல் செய்ய வேண்டும். பத்துப் பிள்ளைகளே உள்ள சிறிய வகுப்பு, அனைவரும் கூடி ஒரே கடிதமாக எழுதலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

பெற்றோர்கள் அறிய வேண்டிய எச்சரிக்கையும் உண்டு. கடிதம் வகுப்பிலிருந்து வகுப்புக்கு, ஆசிரியர் கை வழியாகவே போக வேண்டும். பிள்ளையின் முழுப்பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை எழுத விடக் கூடாது. உங்கள் அனுமதியின்றிப் பிள்ளையின் படத்தை அனுப்பக் கூடாது. தோழமை வகுப்பின் பெயரைச் சொல்லி யாரேனும் பிள்ளையோடு தனியே தொடர்பு கொள்ள முயன்றால், உடனே பள்ளிக்குத் தெரிவியுங்கள்.

இதற்காக நீங்கள் பெரும்பொருள் செலவிட வேண்டியதில்லை. பிள்ளை கேள்வியோடு வரும்போது, "போ, போய்ப் படி" என்று விரட்டாதீர்கள். களைப்பாக இருந்தாலும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து விடை சொல்லுங்கள். கத்தியை எப்படித் தீட்டுவது, செம்பனைக் குலை பழுத்ததை எப்படி அறிவது, பாட்டி காலத்தில் பிரட்டு எப்படி நடந்தது என்பனவெல்லாம் எழுதத்தக்க செய்திகளே. நீங்கள் சொல்வதைப் பிள்ளை எழுதட்டும். எழுதியதை உங்களுக்கே படித்துக் காட்டச் சொல்லுங்கள். விட்டுப்போனதை எடுத்துக் கூறுங்கள்.

உங்கள் பள்ளியில் தோழமை வகுப்பு இல்லையென்றால், அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேளுங்கள். பெற்றோர்கள் கேட்டால் ஆசிரியர்களுக்கும் ஊக்கம் பிறக்கும்.