உஷார்! மஞ்சள் தடவினாலும் மீன் தாங்காது

காலையில் வாங்கிய கெம்போங்கைக் கழுவி, மஞ்சளும் உப்பும் பிசறி, எலுமிச்சை பிழிந்து, 'சாயங்காலம் வந்து பொரிச்சுக்கலாம்' என்று மேசை மேலேயே மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? இன்றோடு நிறுத்துங்கள்!

ஜோகூரில் பகல் வெயில் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். கெம்போங், தொங்கோல், தெங்கிரி மூன்றும் ஒரே குடும்பத்து மீன்கள். இவற்றின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மஞ்சள் தடவியிருந்தாலும், வெளியே கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமின் என்ற நஞ்சாக மாற்றிவிடும். அப்புறம் பொரித்தாலும் சரி, புளி ஊற்றிக் கொதிக்கவைத்தாலும் சரி, ஃபிரீசரில் போட்டாலும் சரி, அது போகாது. பல சமயம் வாடைகூட வராது. மீன் நன்றாகவே தெரியும்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலோ, ஒன்றிரண்டு மணி நேரத்திலோ முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பில் தடிப்பு கிளம்பும், நெஞ்சு படபடக்கும். 'மீன் ஒத்துக்கல' என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். மூச்சு வாங்கினால் கைவைத்தியம் வேண்டாம், 999.

'பாட்டி காலத்துல பிரிட்ஜ் ஏது?' என்பார்கள். பாட்டி சிட்டிகை உப்போடு நிறுத்தவில்லையே! இலங்கையில் ஜாடி போடுவதைப் பாருங்கள்: குடலெடுத்த மீனுக்கு மூன்றுக்கு ஒரு பங்கு உப்பு, கூடவே கொறுக்காய்ப்புளி, காற்றுப் புகாமல் அடைப்பு. இயற்கைப் பதனம் என்றால் இதுதான். அதற்கும் புது மீன்தான் வேண்டும். நாள்பட்டதைக் கருவாடாக்கினாலும் உள்ளே சேர்ந்த ஹிஸ்டமின் அப்படியே இருக்கும்.

பாசாரில் கண்ணையும் செவுளையும் மட்டும் பார்க்காதீர்கள், ஐஸையும் பாருங்கள். அடியில் ஐஸ், மேல் வரிசை மீன் காற்றாடிக் காற்றில் காய்ந்துகொண்டு, அவ்வப்போது ஒரு கை தண்ணீர் தெளிப்பு. அந்த மேல் வரிசையை எடுக்கவே எடுக்காதீர்கள், ஐஸுக்குள் புதைந்ததைக் கேளுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழைக்காற்றில் மெர்சிங் படகுகள் அடிக்கடி கரையிலேயே நிற்கும்; அந்த மாதங்களில் 'இன்னிக்குப் பிடிச்சது' என்றால் இரண்டு முறை கேளுங்கள்.

காரில் ஐஸ் பெட்டி இல்லாமல் மீன் வாங்கவே வேண்டாம். வீடு வந்ததும் செவுள், குடலை எடுத்துவிட்டு 4 டிகிரிக்குக் கீழே வையுங்கள். மஞ்சள் தடவுங்கள், ருசிக்கு நல்லதுதான், ஆனால் பிரிட்ஜுக்குள். சாப்பிடும்போது நாக்கு மிளகு கடித்தது மாதிரி சுரீரென்றால் உடனே துப்பிவிட்டுச் சட்டியோடு கொட்டுங்கள். காசு போனால் போகட்டும்.