குசினிப் புகைக்குச் சுவரில் ஒரு வழி

இடம்பெயர்ந்து வந்து கொட்டில் போட்டதும் முதலில் மூட்டுவது அடுப்பைத்தான். ஒரே அறையில் சமைத்து, அங்கேயே படுத்தெழும்ப வேண்டிய நிலையில் புகை எல்லோரையும் தாக்குகிறது. கூடுதலாகச் சுவாசிப்பவர்கள் தாயும் அவள் மடியிலுள்ள பிள்ளையுமே.

விறகு அரைகுறையாக எரியும்போது காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உண்டாகும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனுக்குரிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலையிடி, சத்தி, மயக்கம் என்று தொடங்கி உயிரையும் பறிக்கலாம். வீட்டுப் புகையால் 2020இல் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

குவாத்தமாலாவில் 1976இல் பூமியதிர்ச்சி பல குடும்பங்களை வீடற்றவர்களாக்கியது. அதன் பின்னர் அங்கே சேற்றையும் மணலையும் குழைத்து, புகைக்கூடு வைத்த 'லொறேனா' அடுப்பை உருவாக்கினார்கள். இத்தகைய மூடிய மண் அடுப்பை நாமும் கட்டலாம். ஆனால் சுவரில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகினால் மட்டும் போதாது. பின்வருவனவற்றைக் கவனியுங்கள்.

சுவர்: சூடான தகரக் குழாய்க்கும் கிடுகு, ஓலை, மரக்கப்பு ஆகியவற்றுக்கும் இடையில் 18 அங்குல இடைவெளி வேண்டும். கிடுகுச் சுவரானால் குழாய் போகும் இடத்தைச் சுற்றி அந்த அளவுக்குக் கிடுகை அகற்றி, கல்லும் களிமண்ணும் வைத்துக் கட்டுங்கள்.

குழாய்: அகலம் 4 அங்குலத்துக்குக் குறையக்கூடாது. பிளாஸ்ரிக் குழாய் உருகிவிடும். அதை ஒருபோதும் பாவிக்காதீர்கள். சுவரைக் கடக்கும் பகுதி வெளிப்பக்கமாகச் சற்று உயர்ந்திருக்கட்டும்.

வெளிப்பக்கம்: சுவரோடு வெட்டி விட்டால் சோளகமோ வாடையோ வீசும்போது புகை உள்ளே திரும்பும். ஆகவே குழாயை மேல்நோக்கித் திருப்பி, கூரை இறப்பிலிருந்தும் 18 அங்குலம் விலக்கி நிமிர்த்துங்கள். அதன் வாய் கூரையை விட 3 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். 10 அடிக்குள் இருக்கும் எதையும் விட 2 அடி கூடுதலாகவும் இருக்க வேண்டும். மழைக்கு ஒரு தகரத் தொப்பி போதும். புகை போக இடைவெளி விடுங்கள். ஓலைக் கூரையானால் தீப்பொறி பறக்காதபடி கம்பிவலையும் போடுங்கள்.

துப்புரவு: கரி படிந்தால் குழாய் அடைபடும், அந்தக் கரியே தீப்பற்றவும் கூடும். அடியில் கழற்றக்கூடிய மூடி வைத்து, மாதம் ஒருமுறை தட்டி எடுங்கள். வலையையும் துடையுங்கள்.

புகைக்கூடு இருந்தாலும் அடுப்பு எரியும்போது கதவைத் திறந்தே வையுங்கள். காற்று உள்ளே வந்தால்தான் புகை மேலே ஏறும். குளிருக்கோ நுளம்புக்கோ தணல் சட்டியைப் படுக்கும் இடத்தில் வைத்து அடைத்துக்கொண்டு தூங்க வேண்டாம். புகை தெரியாவிட்டாலும் நஞ்சு இருக்கும்.

முதல் நாள் சிறு நெருப்பு மூட்டி, குழாயின் பொருத்துக்களைச் சுற்றிப் பாருங்கள். புகை கசியும் இடத்தைக் களிமண்ணால் பூசுங்கள். குழாய்க்கு அருகிலுள்ள கிடுகைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் இடைவெளியைக் கூட்டிய பிறகே உலையை வையுங்கள்.