கோழி எருவிலிருந்து பறந்துபோகும் தழைச்சத்து

நாமக்கல், இராசிபுரம், பரமத்தி வேலூர் பகுதிகளில் கோழிப்பண்ணை எருவை வாங்கி மரவள்ளிக்கும் மஞ்சளுக்கும் இடும் விவசாயிகள் பலர். குவியலைக் கிளறும்போது கண்ணைக் கரிக்கும் நெடி வருகிறதல்லவா, அது அம்மோனியா வாயு. எருவுக்குக் கொடுத்த விலையில் ஒரு பங்கு அந்த நெடியோடு காற்றில் போய்விடுகிறது.

கோழி எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது தழைச்சத்து இரண்டு உருவங்களில் நிற்கிறது. ஒன்று, ஈரத்தில் கரைந்து தங்கும் அம்மோனியம் உப்பு. மற்றொன்று, பறந்துபோகும் அம்மோனியா. உப்பு வாயுவாவதும் வாயு உப்பாவதும் ஓயாமல் நடக்கின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் நடக்கும் நிலையே சமநிலை. அப்போது இரு பக்கமும் உள்ள அளவுகளின் விகிதத்தை ஓர் எண் கட்டுப்படுத்துகிறது. வேதியியலார் அதைச் சமநிலை மாறிலி என்பர். குறிப்பிட்ட வெப்பநிலையில் அந்த எண் மாறாது.

25 டிகிரி வெப்பத்தில், கார அமில நிலை 7 ஆக இருந்தால் நூறு பங்கில் அரைப் பங்குதான் வாயு. 8 ஆனால் 5 பங்கு. 9 ஆனால் 36 பங்கு. வெயில் ஏறினால் மாறிலியே மாறும். 35 டிகிரியில், அதே 8-ல், வாயு 10 பங்காகிறது. சேலம், நாமக்கல் வெயிலுக்கு இது பெரிய கணக்கு.

வாயு காற்றில் அடித்துச் செல்லப்பட்டால் சமநிலை குலைந்து, அதை ஈடுகட்ட மேலும் உப்பு வாயுவாகிறது. ஆகவே திறந்த குவியலில் இழப்பு நிற்பதில்லை. தார்ப்பாய் அல்லது மண்ணால் மூடினால் உள்ளே வாயு சேர்ந்து, வெளியேறும் வேகம் தணிகிறது. மணலி, தூத்துக்குடி உர ஆலைகளில் இதே விதியை மனிதன் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்துகிறான். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து உண்டாகும் அம்மோனியாவைக் குளிரவைத்துப் பிரித்தெடுத்துக்கொண்டே இருப்பதால், மேலும் அம்மோனியா உண்டாகிறது. ஆலைக்கு லாபமாகும் அதே செயல் எருக்குழியில் நட்டம்.

எருவோடு சாம்பலோ சுண்ணாம்போ கலப்பது தவறு. காரத்தன்மை ஏறி வாயு கூடும். முட்டைக்கோழித் தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் சேர்வதால் எச்சத்தில் ஏற்கெனவே சுண்ணாம்பு உண்டு. சூப்பர் பாஸ்பேட் தூவினால் அம்மோனியா உப்பாகப் பிடிபடும். தென்னை நார்க் கழிவுடன் கலந்து மட்கவைப்பதும் நல்லது. வயலில் கொட்டிய எருவை அன்றே உழுது மூடவேண்டும்.

யூரியாவுக்கும் இதுவே பொருந்தும். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. சுண்ணாம்பு மண்ணின் மேற்பரப்பில், ஈரம் இருக்கும்போது தூவி விட்டுவிட்டால் அதில் ஒரு பங்கு காற்றுக்குப் போகும். தூவியவுடன் கொத்தி மூடவேண்டும், அல்லது நீர் பாய்ச்சவேண்டும். பாசி படர்ந்த நெல் வயலில் நண்பகலில் நீரின் கார அமில நிலை 9-ஐத் தாண்டுவதுண்டு. அங்கே நீரை வடித்துவிட்டு, மாலையில் யூரியா இட்டு, பிறகு நீர் கட்டுவது நல்லது.